இரண்டாம் பிளாட்பாரத்துக் கூரை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை ஒரு ரயில்வே ஸ்டேஷன் பிடித்துக்கொண்டு ஏழெட்டு மாதம் விடவே இல்லை. நான்தான் அதைக் கொண்டுவந்து அங்கே வைத்தேன். முதலில் மேஜையின் ஓரத்தில் நான்கு தூண் மட்டும் நின்றன. பிறகு பிளாட்பாரம் வந்தது, தண்டவாளம் வந்தது, கூரை ஏற ஆரம்பித்ததும் ஒரு தட்டு வைக்கக்கூட இடமில்லாமல் போயிற்று. என் மனைவி வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"இன்னும் எவ்ளோ நாள்ங்க?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"இது இன்னா இட்லியா, வேகற நேரம் சொல்றதுக்கு?" என்றேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் காட்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய ஊர் என்று சொல்ல முடியாது, ஆனால் ஸ்டேஷன் மட்டும் ஊருக்குச் சம்பந்தமில்லாத அளவில் பெரியது. நீராவி இஞ்சின் ஓடிய காலத்தில் இங்கே வண்டிகள் நெடுநேரம் நிற்குமாம். அதற்காக வெள்ளைக்காரன் இரும்புத் தூண்களை நிறுத்தி, பிளாட்பாரத்தையும் தண்டவாளத்தையும் சேர்த்து மூடுகிற மாதிரி வளைவான தகரக் கூரை போட்டு வைத்தான். முதல் பிளாட்பாரத்துக்கு ஒரு கூரை, இரண்டாம் பிளாட்பாரத்துக்கு ஒரு கூரை. இரண்டும் நடுவில் ஒரே தூண் வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். ஊரில் எல்லோரும் அதைக் கொட்டகை என்போம். வண்டி உள்ளே நுழையும்போது சத்தம் இரண்டு மடங்காகும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தி, வண்டி நின்றபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். போன வருஷம் அதைப் பிரிக்கப் போகிறார்கள், புது ஸ்டேஷன் வரப் போகிறது என்று முடிவாயிற்று.

அந்தக் கொட்டகையை வைத்துத்தான் எங்கள் இருவர் பிழைப்பும் நடந்தது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருந்தேன். அவள் வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் வண்டி விடிந்தும் விடியாமலும் கிழக்கே காட்பாடிக்குப் போகும், இரண்டாம் பிளாட்பாரம். என் வண்டி எட்டு மணிக்கு மேல் மேற்கே போகும், முதல் பிளாட்பாரம். அவள் காட்பாடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, வேலூர் போய் டியூட்டியில் நின்ற பிறகுதான் நான் மேற்கு முனையில் டீக்கடை ஓரத்துத் தூணில் சாய்ந்துகொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஸ்டேஷனில் ஏறியும் நாங்கள் அங்கே ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது.

பிறகு என் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. கொஞ்ச நாள் வேலை தேடினேன், பிறகு தேடுவது போல இருந்தேன், பிறகு அதையும் விட்டேன். அவள் மட்டும் போய்க்கொண்டே இருந்தாள். விடியற்காலையில் கேட் கொக்கி விழும் சத்தம் கேட்கும். நான் விழித்துத்தான் இருப்பேன். எழுந்து ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். பிள்ளைகள் இருவர் படிப்பும் கல்யாணமும் அவள் சம்பளத்தில் நடந்தன. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். சொல்லாததால் அந்தக் குற்ற உணர்ச்சி வீட்டில் ஓர் ஆளைப் போல எங்களோடு குடியிருந்தது.

அவளுக்கு ரிடையர்மென்ட் வரப் போகிறது, கொட்டகையையும் பிரிக்கப் போகிறார்கள் என்று இரண்டு செய்தியும் ஒரே சமயத்தில் வந்தபோது எனக்கு அந்த யோசனை தோன்றியது. அந்தக் கொட்டகையை அப்படியே சின்னதாகச் செய்து அவளுக்குக் கொடுக்க வேண்டும். புடவையோ மோதிரமோ வாங்கினால் அதுவும் அவள் பணம். இது என் கையால் செய்தது. அவள் தினமும் நின்ற இடத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டால், படுத்திருந்த காலைப்பொழுதுகளுக்கு ஏதோ கொஞ்சம் ஈடாகும் என்று நம்பினேன். யாருக்காகச் செய்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. பொழுது போகாமல் செய்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

அளவெடுக்க ஒரு பிற்பகல் டேப்போடு ஸ்டேஷனுக்குப் போனேன். இரண்டாம் பிளாட்பாரத்தைப் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள், வேலை அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பம். முதல் பிளாட்பாரத்தில் தூண் தூணாக அளந்தேன். தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி, வளைவு எங்கே தொடங்குகிறது, தூண் தலையில் இலை மாதிரி வார்த்திருக்கிறார்களே அது எத்தனை இதழ், எல்லாவற்றையும் மொபைலில் படம் பிடித்தேன். காண்ட்ராக்டரின் வாட்ச்மேன் ஒருவர் கூடவே வந்துகொண்டிருந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

"துணிய தூக்கி விடறேன் சார், அந்தப் பக்கமும் ஒரு தபா பாத்துட்டுப் போங்க. நாளைக்கு தகரத்த எறக்கிடுவாங்க" என்றார்.

"தேவையில்லப்பா. ஒரு பக்கம் போதும்" என்றேன்.

இப்படி ஒரு பதிலை வேறு தொழில்காரன் சொல்லியிருக்க மாட்டான். ஷூ கம்பெனியில் நாங்கள் ஒரு காலுக்குத்தான் பேட்டர்ன் போடுவோம். லாஸ்ட் என்கிற கால் வடிவக் கட்டையில் ஒன்றை எடுத்து, அதன்மேல் டேப் ஒட்டி, டிசைனை வரைந்து, உரித்து அட்டையில் படிய வைத்து வெட்டுவோம். மற்றக் காலைத் தனியாக யாரும் வரைவதில்லை. அட்டையைக் குப்புறப் போட்டால் மற்றக் கால். தோல் வெட்டுகிற டை என்னும் அச்சுக்கத்தியும் அப்படித்தான், இரண்டு விளிம்பிலும் கூர் இருக்கும், திருப்பிப் போட்டு அடித்தால் ஜோடி வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன் யாராவது இரண்டு காலையும் வரைந்துகொண்டு வந்தால், "உனக்கு நேரம் ஜாஸ்தியா இருக்குதா?" என்று கேட்டு அனுப்புவேன். முப்பது வருஷம் அப்படியே பழகிய கைக்கு, ஜோடியாக நிற்கும் இரண்டு கூரையில் ஒன்றை அளந்த பிறகு இன்னொன்றையும் போய்ப் பார்ப்பது வெட்டி வேலையாகத்தான் பட்டது.

உண்மையில் நூறு அடி இருப்பதை மேஜையில் ஓர் அடியாக்குவது என்று வைத்துக்கொண்டேன். சாமான் எல்லாம் தோல் வியாபாரத்துச் சாமான்தான். பிளாட்பாரத்துக்கு, ஷூவுக்குள் அடியில் போடும் இன்சோல் போர்டு. கூரையை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கு மெழுகு ஏற்றிய தையல் நூல். கூரை வளைவுகளுக்கு என்ன செய்வதென்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஷாங்க் ஞாபகம் வந்தது. ஷூவின் நடுப்பகுதி மடங்காமல் இருக்க அடியில் ஓர் இரும்புப் பட்டை வைப்பார்கள், விரல் நீளத்தில், லேசான வளைவோடு. இரண்டு ஷாங்கை எதிரெதிராக நிறுத்தி உச்சியில் சேர்த்தால் கொட்டகையின் வளைவு அச்சாக வந்துவிட்டது. அதாவது ஒரு ஜோடி ஷூவுக்கு ஒரு வளைவு. ஆம்பூரில் பழைய தோஸ்த் ஒருவனிடம் கேட்டு ஒரு பை நிறைய வாங்கிவந்தேன்.

தகரத்துக்குச் சோடா டின்னைப் பிரித்து, மரை போட்ட கம்பியின் மேல் வைத்து உருட்டினேன். வரி வரியாக, அசல் தகரம் போலவே விழுந்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பால்காரரை நிறுத்திக் காட்டினேன். கம்பெனி மூடிய பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷமே என்னை இன்னும் குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவளை ஸ்டேஷனிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிவருவது ஒன்றுதான் நான் செய்துவந்த வேலை. கூரை வேலை மும்முரமானதும் அதுவும் தவற ஆரம்பித்தது. ஒரு நாள் சொல்யூஷன் தடவி வைத்திருந்தேன், காய்வதற்குள் ஒட்டியாக வேண்டும். அவள் போன் செய்தபோது, "ஷேர் ஆட்டோல வந்துடேன், கை வேலையா இருக்கேன்" என்றேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்தாள். வந்தவள் தலையைத் துவட்டிக்கொண்டே மேஜை அருகில் நின்று, நான் தகரம் ஒட்டுவதைப் பார்த்தாள். ஈரத் துண்டிலிருந்து என் பிளாட்பாரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. "தள்ளி நில்லு, தள்ளி நில்லு, போர்டு ஊறிடும்" என்று பதறினேன். அவள் தள்ளி நின்றுகொண்டாள். எல்லாம் உனக்காகத்தான், கடைசியில் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது.

அவள் ரிடையர் ஆன வாரம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வீட்டில் ஒரு சின்ன விருந்து வைத்தோம். பிள்ளைகள் வெளியூரில் இருந்து முந்தின வாரமே வந்து போய்விட்டார்கள். இது அவளோடு ரயிலில் போன சிநேகிதிகளுக்கான விருந்து. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் காட்பாடியில் டீச்சராக இருந்து ரிடையரானவர். ஒருவர் வேலூரில் ஒரு ஆபீசில் கிளார்க். இன்னொரு பெண் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள், வயதில் சின்னவள். எல்லோரும் வருஷக்கணக்காக லேடீஸ் பெட்டியில் ஒன்றாகப் போய் வந்தவர்கள். அவர்களுக்குள் பேச்சு ஆரம்பித்தால் நமக்கு இடம் கிடைக்காது. தெருமுனை பாய் வீட்டில் சொல்லி பிரியாணியும் கத்திரிக்காயும் வந்திறங்கியிருந்தது. டீச்சர் ஜெபம் செய்தார். போகும்போதும் வரும்போதும் எங்களைக் காத்தீரே என்று அவர் சொன்னபோது மற்ற இருவரும் ஆமென் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் மேஜையைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசவும் செய்தேன். கல்யாண வீட்டில்கூட மைக் பிடிக்காதவன் நான்.

"இத்தினி நாள் இது யாருக்குன்னு சொல்லல. இது இவளுக்குத்தான். முப்பது வருஷத்துக்கு மேல இவ போயிட்டு வந்த கொட்டகை. நான் அந்தப் பக்கம், இவ இந்தப் பக்கம். ஆனா வெயிலோ மழையோ, எங்க ரெண்டு பேரையும் காப்பாத்தினது இந்தக் கூரைதான்" என்று சொல்லி வேட்டியை இழுத்தேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கையை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்கா?" என்றாள். குனிந்து முதல் பிளாட்பாரத்து டீக்கடையைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள், தூண் தலை இலைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். லேப் பெண் மொபைலை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு இரண்டாம் பிளாட்பாரத்தின் கிழக்கு முனைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"அண்ணா, நம்ம பக்கத்துக்கு எப்ப கூரை போட்டீங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "இருக்குதேம்மா, அதான் போட்டிருக்கேனே" என்றேன்.

"அதாண்ணா கேக்கறேன். எப்ப போட்டீங்க? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடைய வீட்லயே வெச்சிட்டு வந்திருப்போமே."

கிளார்க் அம்மா குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்கு அடக்க முடியவில்லை. "அய்யய்யோ, ஆமா! அக்கா, இங்க பாரேன், நம்ம நிக்கற எடத்துக்கு மேல தகரம்!" என்று சொல்லி என் மனைவியின் தோளில் தட்டினார். மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்பு. ரயில் பெட்டியில் பல வருஷம் ஒருவரையொருவர் கிண்டல் செய்து பழகியவர்களின் சிரிப்பு.

டீச்சர்தான் எனக்கு விளக்கினார். இரண்டாம் பிளாட்பாரத்துக் கூரை கிழக்கு முனை வரைக்கும் வராது. நீராவிக் காலத்தில் கிழக்கே போகும் வண்டியின் இஞ்சின் அங்கேதான் நின்று தண்ணீர் பிடிக்கும், புகை போக வேண்டும் என்று அந்த இடத்தை வெள்ளைக்காரன் திறந்தே விட்டுவிட்டான். லேடீஸ் பெட்டி எப்போதும் இஞ்சினுக்கு அடுத்த பெட்டி. அதனால் அது வந்து நிற்பது கூரை முடிந்து, அதற்கும் அப்பால்.

நான் கையிலிருந்த வேட்டியை மடிக்க ஆரம்பித்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பி, "புது ஸ்டேஷன்ல அந்த எடத்துல கூரை போடணும்னு ஐடியா குடுத்திருக்காரு. உங்களுக்கெல்லாம் இன்னா தெரியும்? வாங்க, பிரியாணி ஆறுது" என்றாள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். அவர்கள் முன்னால் நான் அசடு வழியக் கூடாது என்று அவள் பாடுபட்டது எனக்குத்தான் தெரியும். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவும்போதும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "நல்லா செஞ்சிருக்கீங்க. எல்லாருக்கும் புடிச்சிப்போச்சி" என்றாள். எங்கேயாவது ஒரு குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. நாலு பேர் முன்னால் தப்பு வெளிப்பட்டதற்கான அவமானம் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டது. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது, அது தீரவில்லை. பொய்யான ஒரு கூரையை அவள் தலைமேல் போட்டு, அதைப் பரிசு என்று கொடுத்து, அதன் அடியில்தான் நீ இத்தனை வருஷம் நின்றாய் என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை. இனிமேல் வண்டி பிடிக்க வேண்டியதில்லை என்றாலும் அவள் பழக்கத்தில் எழுந்து குளித்துவிட்டாள். நான் அதற்கு முன்பே எழுந்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கையில் தோல் சீவுகிற கத்தி. கிழக்கு முனையில் ஒரு தகரத்தை நெம்பி எடுத்திருந்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"கூரைய எடுக்கறேன்."

"அவங்க சொன்னதுக்கா? சும்மா கிண்டல் பண்ணாங்க. கஷ்டப்பட்டு செஞ்சத யாராவது பிப்பாங்களா? விடுங்க."

"எது வரைக்கும் பிக்கணும்னு தெரியல. இப்ப போய்ப் பாக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. நீதான் சொல்லணும்."

அவள் ஈரத் தலையில் சுற்றிய துண்டோடு மேஜையின் அந்தப் பக்கம் போய் நின்றாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு தூணில் விரலை வைத்தாள். "இதோட சரி. இதுக்கு அப்பால ஒண்ணும் கெடையாது." நான் எண்ணிப் பார்த்தேன். நான்கு வளைவுகள், நான்கு ஜோடி ஷாங்க். "இங்க ஒரு மொட்டக் கொழாய் நிக்கும், தண்ணி வராது. அதுல பைய மாட்டி வெப்போம். இங்கதான் டீச்சர் நிப்பாங்க. நான் இங்க."

வெறும் போர்டில் அவள் விரல் வைத்த இடம் கூரைக்கு வெகு தூரம் தள்ளி இருந்தது.

"மழ பேஞ்சா?"

"இங்கதான்."

"கூரைக்குள்ள நின்னுட்டு வண்டி வந்ததும் ஓடி வந்து ஏறக்கூடாதா?"

"மொதல்ல அப்படித்தான் பண்ணேன். வண்டி ஒரு நிமிஷம்தான் நிக்கும். தரை வழவழன்னு இருக்கும். அப்படி ஓடித்தானே ஒரு தபா விழுந்து கை ஒடிஞ்சது."

அந்தக் கை எனக்கு ஞாபகம் இருந்தது. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அவள் வந்து நின்றது, ஸ்டேஷனில் வழுக்கிவிட்டது என்று சொன்னது, பார்த்து நடக்கத் தெரியாதா என்று நான் கத்தியது எல்லாமே ஞாபகம் இருந்தது. எங்கே, எதற்காக ஓடினாய் என்று நான் கேட்டிருக்கவில்லை.

"வேற பெட்டில ஏறலாமே?"

"ஆம்பூர்லயே ரொம்பி வரும்ங்க. கால் வெக்க எடம் இருக்காது. ஆம்பளைங்க நடுவுல அப்படி நின்னுட்டுப் போறதுக்கு, நனையறதே தேவலாம்." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "பழகிப்போச்சி. யூனிஃபார்ம்தான் நனையாம பாத்துக்கணும். அத பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போய்டுவேன், அங்க போயி மாத்திக்குவேன்" என்றாள்.

"அது ஆஸ்பத்திரி ரூல் இல்லியா?"

"இன்னா ரூல்?"

"யூனிஃபார்ம் போட்டுகினு ரயில்ல வரக் கூடாதுன்னு."

அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "அப்படி ஒரு ரூலும் இல்ல. நனைஞ்ச பொடவையோட வார்டுல நிக்க முடியுமா? அதுக்குத்தான்."

முப்பது வருஷமாக அவள் பழைய புடவையில் கிளம்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் சாயங்காலம் அவள் பையிலிருந்து முறுக்கிப் பிழிந்த ஈரப் புடவை வெளியே வரும். பை நாறுகிறது, வெளியே போடு என்று நானே சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு காரணத்தை நானே கற்பித்துக்கொண்டு, அதை ரூல் என்று நம்பி, நாலு பேரிடம் ஆஸ்பத்திரியின் ஒழுங்கைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

கத்தியை உள்ளே விட்டு அடுத்த தகரத்தை நெம்பினேன். சொல்யூஷன் நன்றாகப் பிடித்திருந்தது, தகரம் சுலபத்தில் வரவில்லை. எதையாவது பேசியாக வேண்டும் போல இருந்தது. என்மேல் இருந்த கோபம் வெளியே வரும்போது எப்போதும் போல அவள்மேலேயே போய் விழுந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? இத்தினி வருஷத்துல ஒரு வார்த்த?"

"சொன்னேனே."

"எப்ப?"

"கல்யாணமான புதுசுலதான். மொத மழைக்கே சொன்னேன். அங்க கூரை இல்லைங்க, லேடீஸ் பெட்டி வெளிய நிக்குது, நனைஞ்சிடறேன்னு."

"நான் இன்னா சொன்னேன்?"

அவள் துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "‘அதுக்கு நான் இன்னா ரயில்வே மந்திரியா’ன்னு கேட்டீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடிச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லல" என்று சொல்லிவிட்டு அவள் காபி போடப் போனாள்.

நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த நாள் ஞாபகத்துக்கு வரவில்லை, அந்த மழையும் வரவில்லை. ஆனால் சொன்னது நான்தான். அது வேறு யாருடைய பேச்சாகவும் இருக்க முடியாது.